தேக்கடி ஏரிக்குப் பயணம்: நீர்மட்டம் பார்த்து நாள் குறிப்பது எப்படி

தேக்கடியில் படகேறிவிட்டுத் திரும்பியவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். ஒன்றரை மணி நேரமும் தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று ஒரு சாரார் குறைப்படுவார்கள். குட்டிகளோடு யானைக் கூட்டம் கரையில் மேய்ந்ததை மற்றொரு சாரார் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரு சாராரும் ஏறியது அதே படகுதான், போன வழியும் அதேதான். அவர்கள் எந்த மாதத்தில் போனார்கள், அன்றைக்கு ஏரியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதில்தான் பெரும்பாலும் வேறுபாடு இருக்கிறது. தேக்கடி ஏரி தானாக அமைந்த ஏரி அன்று. முல்லைப் பெரியாறு அணை தேக்கி வைத்திருக்கும் நீர். அணையின் கணக்கைப் புரிந்துகொண்டு நாள் குறிப்பவருக்கு அந்தப் பயணம் ஏமாற்றம் தருவது அரிது.

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, அதன் நீரைக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்புவதற்காக, கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்த சாந்தினால் கட்டப்பட்டு 1895இல் முடிக்கப்பட்ட அணை இது. மரங்கள் அடர்ந்திருந்த பள்ளத்தாக்கு அப்போது நீரில் மூழ்கி, ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியாயிற்று. இன்று அந்த ஏரியைச் சுற்றி 925 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரியாறு புலிகள் காப்பகம் விரிந்திருக்கிறது. ஏரியும் காடும் கேரளத்தின் இடுக்கி, பத்தனம்திட்டா மாவட்டங்களில் இருக்கின்றன; ஆனால் தண்ணீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு வருகிறது.

நீர்மட்டத்தைப் படிப்பதற்கு மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். அணையின் முழு அளவு 152 அடி. உச்ச நீதிமன்றம் 2014இல் வழங்கிய தீர்ப்பின்படி இப்போது அதிகபட்சமாகத் தேக்கப்படுவது 142 அடி. மட்டம் 104 அடிக்குக் கீழே இறங்கினால் தமிழகத்திற்கு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் வராது என்பதால், கோடையிலும் ஏரியில் ஓரளவு நீர் நிற்கும். பல ஆண்டுகளில் ஏப்ரல், மே மாதங்களில் மட்டம் 110 முதல் 120 அடிக்குள் இறங்குவதும், இரு பருவமழைகளும் நன்றாகப் பெய்த ஆண்டுகளில் நவம்பர், டிசம்பரில் 135 அடியைத் தாண்டுவதும் வழக்கமாக இருந்து வருகிறது.

இந்த இருபது, முப்பது அடி ஏற்றத்தாழ்வுதான் பயணியின் அனுபவத்தை மாற்றுகிறது. ஏரியின் கரைகள் பல இடங்களில் சாய்வான மண்மேடுகளாக இருப்பதால், நீர் சில அடிகள் இறங்கினாலே அகலமான நிலப்பட்டை வெளியே தெரியத் தொடங்கும். ஈரம் காயாத அந்த மண்ணில் சில வாரங்களில் இளம்புல் முளைத்துவிடும். காட்டுக்குள் இருக்கும் ஓடைகள் வற்றுகிற அதே நேரத்தில் இங்கே புல்லும் நீரும் ஒன்றாகக் கிடைப்பதால் யானை, காட்டெருமை, மிளா மான், காட்டுப்பன்றி ஆகியவை திறந்தவெளிக்கு வந்து மேய்கின்றன. மட்டம் உயர்ந்திருக்கும்போது நீர் காட்டின் விளிம்பைத் தொட்டுவிடும். உள்காட்டிலும் தண்ணீர் இருக்கும் என்பதால் விலங்குகள் ஏரியைத் தேடி வரவேண்டியதில்லை. நவம்பர் கடைசியில் பெற்றோரை அழைத்துக்கொண்டு போன எனக்கு நீர்க்காகங்களைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அதே வளைவில் பதினொரு யானைகளை எண்ணினோம்.

ஆகவே பயண நாளைக் குறிக்கும் முன் ஒரு வாரம் நீர்மட்டத்தைக் கவனித்து வாருங்கள். மதுரை, தேனிப் பகுதி நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் தினமும் வெளியாகிறது. அதில் முல்லைப் பெரியாறு தவறாமல் இருக்கும். என் அனுபவத்தில், 125 அடிக்குக் கீழே இருந்தால் விலங்குகளுக்காகப் போகலாம். 135 அடிக்கு மேல் இருந்தால் மலை, மூடுபனி, நிறைந்த நீர் ஆகியவற்றுக்காகப் போகலாம். அதுவும் மிக அழகான காட்சிதான், ஆனால் யானை பார்க்கலாம் என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்து அழைத்துப் போகக்கூடாது.

மாதமும் கூட்டமும்

பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குடும்பத்தினருக்குப் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிவு வரை வரும் வார நாட்களே மிகச் சிறந்தவை என்பேன். பிள்ளைகள் உள்ளவர்கள் ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன், மே மாத நெரிசல் தொடங்கும் முன்பே போய்வந்துவிடுவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பலமாக இருக்கும். காட்டில் அட்டைகள் பெருகும், மழையின் கடுமையைப் பொறுத்துப் படகுச் சேவை நிறுத்தப்படவும் வாய்ப்புண்டு.

இரண்டு காலங்களை மட்டும் தவிர்க்கும்படி வற்புறுத்திச் சொல்வேன். கார்த்திகை முதல் நாள் தொடங்கி மகரவிளக்கு முடியும் வரை, தமிழகத்திலிருந்து சபரிமலைக்குச் செல்லும் வாகனங்களில் பல, தேக்கடியை ஒட்டிய எல்லை ஊரான குமுளி வழியாகப் போய்வருகின்றன. அந்த வாரங்களில் போகும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, குமுளி மலைப்பாதையைத் திரும்பும் வாகனங்களுக்கு ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம் என்பதால், ஒரு மணி நேரம் என்று கணக்கிட்ட தொலைவு மூன்று மணி நேரம் ஆகலாம். அடுத்தது சித்ரா பௌர்ணமி. மங்கலதேவி மலையிலுள்ள கண்ணகி கோயில் ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. பளியங்குடி வழியாக நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் மக்கள் திரள்வதால் அன்று விடுதி அறை கிடைப்பதே கடினம். கண்ணகியைத் தரிசிக்கப் போகிறவர்கள் அதற்கென்றே தனியாகத் திட்டமிட வேண்டும். ஏரிப் பயணத்தோடு அதைச் சேர்த்துக்கொண்டால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

வழி

சொந்த வாகனத்தில் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளியை அடைய மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வர விரும்புவோர் தேனி வரை வரலாம். மதுரை–போடி பாதை அகலப்பாதையாக்கப்பட்டு, 2022இல் தேனிக்கும் 2023இல் போடிநாயக்கனூருக்கும் ரயில்கள் திரும்ப ஓடத் தொடங்கின. சென்னையிலிருந்தும் வாரத்தில் சில நாட்கள் நேரடி ரயில் உண்டு. தேனியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் குமுளிக்கு அரசுப் பேருந்துகள் அடிக்கடி கிடைக்கும். எல்லையில் தமிழகப் பக்கமே இறங்கி, செக்போஸ்டைத் தாண்டிச் சில நிமிடங்கள் நடந்தால் குமுளிக் கடைவீதி வந்துவிடும்.

வாடகை வேனிலோ டாக்ஸியிலோ போவோர், கேரளத்திற்கான பெர்மிட்டும் வரியும் கட்டியாயிற்றா என்று ஓட்டுநரிடம் புறப்படும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைக் கேட்காமல் ஒருமுறை காலை வேளையில் செக்போஸ்டில் முக்கால் மணி நேரம் நின்று, பணம் கட்டிப் பதிவு செய்திருந்த முதல் படகை நாங்கள் தவறவிட்டிருக்கிறோம். லோயர்கேம்பைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் கூடலூரிலேயே சிறிது ஓய்வெடுத்துவிட்டு ஏறுவது நல்லது.

தங்குமிடம்

காப்பகத்திற்குள் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் லேக் பேலஸ், ஆரண்ய நிவாஸ், பெரியார் ஹவுஸ் ஆகிய மூன்று விடுதிகள் உள்ளன. லேக் பேலஸ் திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்தின் கோடைக்கால மாளிகையாக இருந்தது. இடப்பாளையம் என்னும் இடத்தில் நீருக்கு நடுவே நீண்டிருக்கும் மேட்டில் இருப்பதால் படகில்தான் போக வேண்டும், அறைகளும் மிகச் சிலவே. செலவு மிகுதி, ஆயினும் விடியற்காலையில் வராந்தாவில் அமர்ந்தபடியே எதிர்க்கரையைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. மற்ற இரண்டும் படகுத்துறைக்கு அருகில் இருப்பதால் காலைப் படகுக்குப் போவோருக்கு வசதி. மற்றவர்களுக்குக் குமுளியில் எல்லா விலையிலும் லாட்ஜ்களும் ஹோம்ஸ்டேக்களும் உண்டு. சிறு குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்தினர் குமுளியிலேயே தங்குவதை நான் விரும்புவேன். மருந்துக் கடை, உணவகம், பால் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். காப்பகத்திற்குள் இரவில் வெளியே வர முடியாது.

இரண்டு இரவுகள் தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புவோர் நண்பகல் படகில்தான் ஏற நேரிடும். வெயில் உச்சியில் இருக்கும் அந்த நேரத்தில் விலங்குகள் நிழலுக்குப் போய்விடும்.

படகு

வனத்துறையும் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் தனித்தனியாகப் படகுகளை இயக்குகின்றன. நாளொன்றுக்கு ஐந்து நடைகள். முதல் நடை காலை 7.30 மணிக்கும் கடைசி நடை பிற்பகல் 3.30 மணிக்கும் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காலை நடையில் நீரின் மேல் மூடுபனி மிதக்கும், பறவைகள் மிகுதியாகத் தெரியும். மாலை நடையில் யானைகள் நீர் குடிக்க இறங்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டு இரவுகள் தங்குவோர் முதல் நாள் மாலையிலும் மறுநாள் காலையிலுமாக இரண்டையும் பார்க்கலாம். அதற்கு ஆகும் கூடுதல் செலவு வீண்போகாது.

காப்பக நுழைவுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், படகுக் கட்டணம் ஆகிய மூன்றும் தனித்தனி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல் என்பதால், கனடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினர்களோடு போவோர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் கவுண்டரில் சீட்டு கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. அதிகாரப்பூர்வ இணையதளங்களில் மட்டும் முன்பதிவு செய்து, சீட்டையும் அடையாள அட்டையையும் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். காட்டுக்குள் கைப்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. சொந்த வாகனங்களைக் குமுளிப் பக்கத்து வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் படகுத்துறைக்குப் போக வேண்டும். அதற்கான வரிசையையும் சேர்த்துக் கணக்கிட்டால், 7.30 மணிப் படகுக்கு ஆறரை மணிக்குள் அறையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். படகுத்துறையில் குரங்குகள் மிகுதி. தின்பண்டப் பொட்டலம் கையில் வெளியே தெரிந்தால் பறித்துக்கொண்டு போய்விடும்.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று மாலை இந்த ஏரியில் ஓர் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்ட ஆர்வத்தில் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டது அதற்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பெயருக்கு மாட்டிக்கொள்ளாமல், வார்களை இறுக்கி, கொக்கிகள் எல்லாவற்றையும் பூட்டிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அணிவித்த பின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறிவந்தால் அது பெரிய அளவு, வேறொன்றைக் கேட்டு வாங்க வேண்டும். யானை எந்தப் பக்கம் தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழக்கூடாது. படகோட்டிகள் பெரும்பாலும் படகைத் திருப்பி எல்லோருக்கும் காட்டுவார்கள்.

விலங்குகள் தெரியாத இடங்களிலும் பார்ப்பதற்கு ஒன்று உண்டு. நீரிலிருந்து கறுத்த அடிமரங்கள் ஆங்காங்கே நிமிர்ந்து நிற்கும். பள்ளத்தாக்கு மூழ்கியபோது உயிரிழந்த மரங்கள் இவை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிலும் வெயிலிலும் நின்று, கிளைகள் உதிர்ந்து, வெறும் தண்டுகளாகிவிட்டன. படகு அருகில் போகும்போது உற்றுப் பார்த்தால், மரத்தில் பழைய நீர்மட்டங்களின் கோடுகள் வரிவரியாகப் படிந்திருப்பது தெரியும். அவற்றின் உச்சியில் பாம்புத்தாரா இரு சிறகுகளையும் விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கும். சில தண்டுகளின் பொந்தில் கூடுகள் இருக்கும். பைனாகுலர் ஒன்று இருந்தால் குழந்தைகளுக்குச் சலிப்பே வராது.

அணையைப் படகிலிருந்து பார்க்கலாம் என்று எண்ணி வருவோர் பலர். சுற்றுலாப் படகுகள் அணை வரை போவதில்லை. அணைப்பகுதியில் பொதுமக்களுக்கு அனுமதியும் இல்லை.

மூங்கில் தெப்பம்

உடல்நலமும் ஒரு முழு நாளும் இருந்தால், தேக்கடியில் நான் முதலில் பரிந்துரைப்பது வனத்துறையின் மூங்கில் தெப்பப் பயணத்தைத்தான். காலை எட்டு மணியளவில் கிளம்பி, காட்டுப் பாதையில் சில கிலோமீட்டர் நடந்து, பிறகு தெப்பத்தில் ஏறி, ஏரியின் கிளைகளில் மெல்லத் துழாவிச் சென்று, மாலை ஐந்து மணியளவில் திரும்புவார்கள். ஏறத்தாழ பத்துப் பேர் கொண்ட குழுவோடு வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் வருவார்கள். எஞ்சின் சத்தம் இல்லை என்பதால், கரையில் மேயும் மிளா தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து மேயத் தொடங்குவதை அருகிலிருந்து காணலாம். நீர்நாய்கள் மீன் பிடிப்பதையும் தெப்பத்திலிருந்துதான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

வழிகாட்டிகளாக வருவோரில் சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் வயணம் என்னும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வாழ்ந்தவர்கள். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களைச் சூழல் மேம்பாட்டுக் குழுவாக அமைத்து, வழக்குகளிலிருந்து விடுவித்து, காட்டைக் காக்கும் வேலையைக் கொடுத்தது. காட்டை இரவு பகலாக அறிந்தவர்கள் அவர்கள். மன்னான், பளியர் பழங்குடிச் சமூகத்தினரும் இத்தகைய குழுக்களில் பணிபுரிகிறார்கள். பலருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். மரங்களின் பெயரையும் கால்தடங்களையும் கேளுங்கள். கேட்பவர்களுக்கு அவர்கள் நிறையச் சொல்வார்கள். நீங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தக் குடும்பங்களின் வருமானமாகிறது.

தெப்பப் பயணத்திற்கு வயது வரம்பு உண்டு. இடங்களும் குறைவு என்பதால் படகுச் சீட்டுக்கு முன்பாக இதைப் பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை அந்த நாளையொட்டி அமைத்துக்கொள்ளுங்கள். பச்சை, காக்கி, பழுப்பு நிற முழுக்கை ஆடைகளும், நனைந்தாலும் நடக்கக்கூடிய காலணிகளும் வேண்டும். வெள்ளை, சிவப்பு, மினுமினுக்கும் ஆடைகள் கூடாது. வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளவும் வேண்டாம். மழைக்காலத்தில் முழங்கால் வரை கட்டும் அட்டைக் காலுறை தருவார்கள்; அதோடு சிறிது உப்புப் பொட்டலமும் இருக்கட்டும். குளிர்காலக் காலை நேரத்திற்கு ஸ்வெட்டர் தேவை. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைக் காப்பகத்திற்குள் கொண்டுபோகக் கூடாது. எவர்சில்வர் குப்பியில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியில் நீந்தவோ குளிக்கவோ அனுமதி இல்லை. கரையிலும் சேறு ஆழமாக இருக்கும். வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டும் கால்வைக்க வேண்டும்.

திரும்பும் வழியில்

ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தமிழகப் பக்கம் வந்து, நான்கு பெரிய குழாய்களில் செங்குத்தாக இறங்கி, லோயர்கேம்பில் மின்சாரம் எடுத்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் பாய்கிறது. குமுளியிலிருந்து இறங்கும்போது மலைச்சரிவில் அந்தக் குழாய்கள் தெரியும். நேற்று படகில் மிதந்த அதே நீர் இது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். அடிவாரத்தில் லோயர்கேம்பில் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு அவரது பிறந்தநாளான ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. அரை மணி நேரம் போதும். பாலார்பட்டி போன்ற ஊர்களில் இன்றும் அந்த நாளில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள்.

அங்கிருந்து சாலையின் இருபுறமும் வயல்கள் தொடர்ந்து வரும். இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி பெரியாற்று நீரை நம்பியிருக்கிறது. மாலைக்குள் மதுரைக்குப் போக வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர்கள் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணையில் இறங்கலாம். 71 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் அந்த அணை 1959இல் திறக்கப்பட்டது, பெரியாற்று நீரும் அங்கே வந்து சேர்கிறது. அணையின் இரு கரைகளிலும் உள்ள பூங்காவில் பிள்ளைகள் ஓடியாடலாம்.

கூடலூரிலும் கம்பத்திலும் சாலையோரம் திராட்சை விற்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கொத்தைத் தூக்கி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பழம் உதிர்ந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று பொருள். பழத்தின் மேல் வெண்சாம்பல் போன்ற பூச்சு கலையாமல் இருந்தால் வாங்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டாமல், செய்தித்தாள் விரித்த அட்டைப் பெட்டியில் அடுக்கி, வண்டியில் வெயில் படாத பக்கம் வையுங்கள். தோல் மெல்லியது என்பதால் வீடு சேர்ந்த மறுநாளுக்குள் தின்றுவிட வேண்டும்.